தன்னார்வ நிகழ்ச்சித் தளம்: தொடர்வதா, கைமாற்றுவதா, நிறுத்துவதா?

2025 தைப்பொங்கலன்று எங்கள் தளத்தில் கடைசி நிகழ்ச்சியைப் பதிந்தோம். சென்னையில் கட்டணமில்லாமல் நடக்கும் கச்சேரிகள், இலக்கியக் கூட்டங்கள், மரபு நடைகள் எல்லாவற்றையும் தேதிவாரியாகத் தந்த தளம் அது. 2009இல் மூன்று பேர் தொடங்கினோம். மூவருக்கும் பிழைப்பு வேறு. விளம்பரம் வாங்கியதில்லை, சந்தா கேட்டதில்லை. நிறுத்தலாம் என்று முடிவெடுக்க ஒன்றரை ஆண்டு பிடித்தது. அந்த ஒன்றரை ஆண்டில் என்னென்ன வழிகளை யோசித்தோம், எதை ஏன் தள்ளினோம் என்று எழுதிவைக்கிறேன். இதே போல ஊருக்காக ஒரு பட்டியலை நடத்திக்கொண்டு, இரவு பதினொரு மணிக்கு அழைப்பிதழைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் யாருக்காவது உதவும்.

யோசனை தொடங்கியது 2023இல் ஒரு சனிக்கிழமை மாலை. தாம்பரத்தில் மின்ரயில் ஏறி, மாம்பலத்தில் இறங்கி, பஸ் பிடித்து மயிலாப்பூர் வந்திருந்த ஒரு பெரியவர் போன் செய்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "ஏம்ப்பா, அரங்கம் பூட்டிக் கெடக்கே. உங்க பக்கத்துல ஆறு மணின்னு போட்டிருக்கே?" என்றார். கூட்டத்தை முந்தின நாளே தள்ளிவைத்திருந்தார்கள். அமைப்பாளர் எங்களுக்கு மின்னஞ்சலும் அனுப்பியிருந்தார். மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை. ஒருவர் அலுவலக வேலையாக வெளியூரில், ஒருவர் அம்மாவோடு ஆஸ்பத்திரியில், நான் மகளின் பள்ளி விழாவில். பெரியவர் கோபப்படவில்லை. "பரவால்லப்பா, வந்தது வந்தேன், கபாலியைப் பாத்துட்டுப் போறேன்" என்று வைத்துவிட்டார்.

பட்டியல் இல்லாத ஊரில் ஆட்கள் விசாரித்துக்கொண்டு போவார்கள். பட்டியல் இருந்தால் அதை நம்பிப் போவார்கள். ஆகவே அரைகுறைப் பட்டியலைவிடப் பட்டியலே இல்லாமலிருப்பது மேல். இதன் பிறகு ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோட்டோம்: இப்படிச் செய்தால் இன்னொருவர் பூட்டிய கதவின் முன் போய் நிற்பாரா?

அப்படியே தொடர்வது

பணம் தடையாக இருக்கவில்லை. டொமைன் என்கிற தள முகவரி, தளத்தை வைக்க இடம் தரும் ஹோஸ்டிங் இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ஏழாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. நேரம்தான் அடங்கவில்லை. சாதாரண வாரத்தில் ஆளுக்கு நான்கு மணி நேரம், மார்கழியில் தினமும் இரண்டு மணி நேரம். ஒரு சபாவின் நிகழ்ச்சி நிரல் பிடிஎஃப்பாக வரும், இன்னொன்று வாட்ஸ்அப் படமாக வரும், மூன்றாவது சபா வாசல் பலகையில் மட்டும் இருக்கும், யாராவது போய்ப் படமெடுத்து வர வேண்டும். பாட்டு யார், வயலின் யார், மிருதங்கம் யார் என்று வரிவரியாகப் பதிய வேண்டும். ஒரே பெயரில் இரண்டு வித்வான்கள் இருப்பார்கள். பக்கவாத்தியம் அன்று காலையில் மாறும்.

இதில் ஒரு பகுதியை இயந்திரத்திடம் விட்டிருந்த காலமும் உண்டு. அமைப்புகள் பேஸ்புக்கில் போடும் பொது நிகழ்ச்சிகளை எங்கள் தளம் தானாக எடுத்துக்கொள்ளும்படி நண்பர் ஒரு நிரல் எழுதியிருந்தார். பேஸ்புக் பயனர்களின் தகவல்கள் முறைகேடாக வெளியே போன கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்த பிறகு, 2018 ஏப்ரலில், பேஸ்புக் அந்த வாசலை இறுக்கிவிட்டது. எங்களைப் போன்ற சிறு தளங்கள் பலவும் அதில் மாட்டிக்கொண்டன. நாங்கள் பழையபடி கைவேலைக்குத் திரும்பினோம்.

அடுத்து ட்ரூபல், அதாவது எங்கள் தளத்தை இயக்கிய மென்பொருள். 2012இல் எங்கள் தளத்தை ட்ரூபல் 7க்கு மாற்றியிருந்தோம். அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடியும் என்று அறிவிப்பு வந்தது. அதற்கு முன்பு கெடுவைச் சில தடவை தள்ளிவைத்திருந்தார்கள், இந்தத் தடவை தள்ளவில்லை. 7இலிருந்து அடுத்த பதிப்புகளுக்குப் போவது வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை அல்ல, இடித்துக் கட்டுகிற வேலை. தொடர்வதானால் அதையும் செய்தாக வேண்டும்.

தன்னார்வ வேலை எல்லாமே ஒரே மாதிரி அல்ல என்பது எனக்கு இந்தக் கட்டத்தில்தான் உறைத்தது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றிவைக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இன்றும் நிற்கிறது. அன்று ஏற்றிய சங்க நூல் இன்றும் அதே நூல்தான். ஆறு மாதம் யாரும் கைவைக்காவிட்டாலும் அதில் ஒன்றும் கெடாது. 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவரும் நூலகம் திட்டமும் அந்த வகைதான். அது நெல் சேர்க்கிற வேலை. நிகழ்ச்சிப் பட்டியல் பால் ஊற்றுகிற வேலை. மழையோ காய்ச்சலோ, விடிந்தால் ஊற்றியாக வேண்டும், ஒருநாள் தவறினாலும் திரிந்துவிடும். நெல் வேலையை ஓய்வு நேரத்தில் பார்க்கலாம். பால் வேலைக்கு முறைவைத்து ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு மாற்று ஆளும் வேண்டும். மூன்று பேரை வைத்துக்கொண்டு பதினைந்து ஆண்டு நாங்கள் பால் ஊற்றியிருக்கிறோம். இனி முடியாது என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொள்ளவே பல மாதம் ஆனது.

மார்கழிக்கு மட்டும் நடத்தினால்?

வாசகர்கள் பலர் சொன்ன யோசனை இது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் மார்கழிக்குத்தான் எங்கள் தேவை குறைவு. டிசம்பரில் சபாக்களே நிரலை அச்சிட்டுத் தருகின்றன, நாளிதழ்கள் தனி இணைப்புப் போடுகின்றன, கைபேசிச் செயலிகளும் வந்துவிட்டன. பங்குனியில் ஒரு நூலக மாடியில் முப்பது பேருக்கு நடக்கும் கூட்டத்துக்குத்தான் எங்களை விட்டால் நாதியில்லை. வேலை அதிகமாகவும் தேவை குறைவாகவும் இருக்கும் மாதத்தை வைத்துக்கொண்டு மற்ற பதினொன்றை விடுவதில் பொருளில்லை. ஒரே கூட்டத்தில் இதைத் தள்ளிவிட்டோம்.

வாட்ஸ்அப்புக்கு மாறுவது

எங்கள் வாசகர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். அது போதாதென்றால் 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த சேனல் இருக்கிறது, அதற்கு ஆள் கணக்கு இல்லை. அழைப்பிதழ்ப் படத்தை அப்படியே போட்டுவிடலாம், தட்டச்சு வேலை மிச்சம்.

மூன்று மாதம் இரண்டையும் சேர்த்து நடத்திப் பார்த்தோம். அறிவிப்புக்கு வாட்ஸ்அப் நல்லது, பட்டியலுக்கு ஆகாது. "வர்ற ஞாயித்துக்கிழமை என்ன இருக்கு?" என்று ஒருவர் கேட்டால், வந்த வரிசையில் கிடக்கும் நாற்பது படங்களை அவரே மேலே தள்ளித் தள்ளித் தேட வேண்டும். அதைவிடப் பெரிய கோளாறு திருத்தம். தளத்தில் "ரத்து" என்று ஒரு சொல் சேர்த்தால் எல்லாருக்கும் ரத்துதான். வாட்ஸ்அப்பில் முதல் படம் பத்துக் குழுக்களுக்கு ஃபார்வர்டு ஆகிப் போய்விட்டிருக்கும், திருத்தம் எங்கள் குழுவோடு நின்றுவிடும். பூட்டிய கதவு முன்னால் நிற்பவர்கள் குறைய மாட்டார்கள், கூடுவார்கள்.

கூகுள் காலண்டரில் பொது நாட்காட்டி ஒன்றை வைத்து யார் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளும்படி விடுவது இதைவிட நேர்த்தியான வழி. திருத்தினால் எல்லாருடைய கைபேசியிலும் திருந்தும். ஆனால் தட்டச்சு வேலை அப்படியே இருக்கிறது. தளம் நடத்தும் தொழில்நுட்பத் தலைவலி மட்டுமே உங்கள் பிரச்சினை, பதிவு செய்ய ஆள் இருக்கிறது என்றால், நான் முதலில் சொல்லும் வழி இதுதான். எங்களுக்கு ஆள் இல்லை.

கைமாற்றுவது

எல்லாருக்கும் பிடித்த யோசனை இது. "யாராச்சும் சின்னப் பசங்ககிட்ட குடுங்க சார்" என்று சொல்லாதவர் இல்லை. எனக்கும் இதுவே ஆசை. 2022இல் ஒரு முறை செய்தும் பார்த்தோம். கல்லூரி மாணவர்கள் இருவர் ஆர்வத்தோடு வந்தார்கள். முதல் இரண்டு மாதம் எங்களைவிட நன்றாக நடத்தினார்கள். மூன்றாம் மாதம் தேர்வு. நான்காம் மாதம் ஒருவருக்குப் பெங்களூரில் வேலை. ஐந்தாம் மாதம் தளத்தில் போன மாத நிகழ்ச்சிகள்தான் இருந்தன. அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. மூன்று பேர் சுமந்ததை இரண்டு பேர் தலையில் ஏற்றிவிட்டு, நாங்கள் ஒதுங்கி நின்று வாழ்த்திக்கொண்டிருந்தோம். இன்றைக்கும் அதற்காக வருந்துகிறேன்.

அமைப்பு ஒன்றிடம் கொடுப்பது இன்னொரு வகை. ஓர் அமைப்பு உண்மையான அக்கறையோடு கேட்டது. அவர்களிடம் அலுவலகம் உண்டு, சம்பளத்துக்கு ஆளும் உண்டு. ஆனால் அவர்களும் நிகழ்ச்சி நடத்துபவர்கள். ஒரே மாலை அவர்கள் அரங்கில் ஒரு கூட்டம், நாலு தெரு தள்ளி இன்னோர் அரங்கில் ஒரு கூட்டம் என்றால் எது மேலே வரும்? இப்போதைய செயலாளர் நியாயமாக நடந்துகொள்வார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவருக்கு அடுத்து வருபவருக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இருக்காது. தளத்தின் மதிப்பே அது யார் பக்கமும் சாயாததில் இருந்தது.

பெரிய கையில் கொடுத்தால் பத்திரமாக இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. அமெரிக்காவில் ஆண்டி பயோ என்பவர் 2003இல் அப்கமிங் என்ற நிகழ்ச்சித் தளத்தைத் தொடங்கினார். ஊர் ஊராக மக்களே நிகழ்ச்சிகளைப் பதிந்து வளர்த்த தளம். 2005இல் யாஹூ அதை வாங்கியது. 2013 ஏப்ரலில் சில நாள் அவகாசமே தந்து மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வக் குழு அவசர அவசரமாகப் பிரதியெடுத்ததால்தான் அந்தப் பக்கங்கள் தப்பின. மறு ஆண்டு டொமைன் தொடங்கியவரிடமே திரும்பி வந்தது, பொதுமக்களிடம் நிதி திரட்டி மறுபடி கட்டத் தொடங்கினார். எல்லாருக்கும் அப்படித் திரும்பி வந்துவிடாது.

கைமாற்றுவதுதான் உங்கள் முடிவென்றால், வாங்குபவர்கள் குறைந்தது நான்கு பேராக இருக்கட்டும். ஒரு மார்கழி முழுக்க அவர்களோடு உட்கார்ந்து வேலை செய்யுங்கள். டொமைன் கணக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலிலும் ஓடிபி உங்கள் கைபேசி எண்ணிலும் இருக்கும், அதை மறக்காமல் மாற்றிக்கொடுங்கள். இல்லாவிட்டால் மூன்று ஆண்டு கழித்து ஓர் இரவில் அவர்கள் உங்களைத் தேடி அலைவார்கள். அத்தனை பேர் கிடைக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்.

சும்மா விட்டுவிடுவது

பெரும்பாலான தன்னார்வத் தளங்கள் இப்படித்தான் முடிகின்றன. யாரும் முடிவெடுப்பதில்லை. பதிவு குறையும், நிற்கும். ஒருநாள் ரினீவல் மின்னஞ்சல் வரும், கட்டாமல் விட்டுவிடுவார்கள். இதையும் ஒரு வழியாகவே எண்ணி யோசித்தோம். செலவில்லை, வேலையில்லை, யாரிடமும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

டொமைன் காலாவதியான பிறகு என்ன ஆகும் என்று பார்த்தபோதுதான் பயம் வந்தது. டாட் காம் முகவரி என்றால், தேதி தாண்டியும் 45 நாள் வரை பதிவு நிறுவனம் பொறுக்கலாம். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், அப்போது மீட்கக் கூடுதல் கட்டணம். பிறகு ஐந்து நாள் காத்திருப்பு. அதோடு பெயர் சந்தைக்கு வந்துவிடும். பதினைந்து ஆண்டு ஓடிய தளத்துக்கு நூலகங்கள், கல்லூரிகள், கலைஞர்களின் சொந்தப் பக்கங்கள் என்று எத்தனையோ இடத்திலிருந்து சுட்டிகள் இருக்கும். அந்தச் சுட்டிகளுக்காகவே இப்படிப்பட்ட பெயர்களை விலைக்கு வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுபவர்கள் உண்டு. ஒரு பாடகி தன் பக்கத்தில் "என் முதல் கச்சேரி" என்று எங்கள் பக்கத்துக்குக் கொடுத்திருக்கும் சுட்டி, நாளை சூதாட்டத் தளத்தில் போய் விழும். பூட்டிய கதவைவிட மோசமான இடத்துக்கு நாங்களே வழிகாட்டிவிட்டுப் போவதாகும் அது.

இந்த வழியை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உறையவைப்பது

எங்கள் முடிவு இதுதான். வரப்போகும் நிகழ்ச்சிகளைப் போடுவதை நிறுத்திவிட்டு, நடந்து முடிந்தவற்றை அப்படியே அசையாத பக்கங்களாக வைத்துவிடுவது. பால் விற்பதை நிறுத்தினோம், சேர்ந்திருந்த நெல்லைக் குதிரில் கொட்டினோம்.

சேர்ந்திருப்பது நெல் என்று முதலில் எங்களுக்கே தெரியவில்லை. நடந்து முடிந்த கூட்டத்தின் அறிவிப்பு யாருக்கு வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி இசை மாநாடு நடந்ததும், 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கியதும், அங்கே எந்த ஆண்டு யார் பாடினார்கள் என்பதும் எழுத்தில் இருக்கின்றன. பெரிய சபாக்கள் ஆண்டுமலர் போடுகின்றன. சிறிய சபா மலர் போடாது. மதியம் இரண்டு மணிக்கு இருபது பேர் முன்னால் பாடிய பதினாறு வயதுப் பெண்ணின் பெயர், அடித்த துண்டறிக்கையோடு போய்விடும். 1639 ஆகஸ்ட் 22ஐ நகரத்தின் பிறந்தநாளாக வைத்து 2004 முதல் சென்னையில் கொண்டாடிவரும் மெட்ராஸ் தினத்தை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். ஒரு தெருவில் பத்துப் பேர் நடந்து பழைய வீடுகளைப் பார்த்ததற்கு அறிவிப்பைத் தவிர வேறு சாட்சி கிடையாது, அந்த வீடுகளே இன்று இல்லை. மூடப்போகிறோம் என்று சொன்னதும் எங்களுக்கு வந்த கடிதங்களில் பாதி, "பழசை அழிச்சிடாதீங்க" என்றுதான் கேட்டன.

உறையவைப்பதில் உள்ள வேலையைச் சொல்கிறேன், எளிது என்று யாரும் ஏமாற வேண்டாம். எச்டிடிராக் போன்ற இலவச மென்பொருள், தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் பிரதியெடுத்துத் தரும். தரவுத்தளம் வேண்டாம், லாகின் வேண்டாம், ட்ரூபலும் வேண்டாம். உடைத்து நுழைய அதில் ஏதும் இருக்காது. ஆனால் நிகழ்ச்சித் தளத்துக்கே உரிய பொறி ஒன்று உண்டு: நாட்காட்டி. "அடுத்த மாதம்" என்ற பொத்தானை மென்பொருள் விடாமல் பிடித்துக்கொண்டு 2040, 2060 என்று வெற்று மாதங்களைச் சேமித்துக்கொண்டே போகும். எங்கள் முதல் முயற்சி இரவு முழுக்க ஓடி, விடிந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான வெற்று மாதங்கள். நாட்காட்டியை முதலில் கழற்றிவிட்டு ஆண்டு, மாதம் என்று சாதாரணப் பட்டியல் பக்கங்களைச் செய்துகொள்ளுங்கள். தேடல் பெட்டியும் வேலை செய்யாது. அதற்கு ஈடாக அரங்கவாரியாகவும் கலைஞர்வாரியாகவும் இரண்டு அகரவரிசைகளைத் தந்தோம்.

அமைப்பாளர்களின் கைபேசி எண்களை நீக்கியதுதான் அதிக நாள் எடுத்தது. 2011இல் ஒரு கூட்டத்துக்காகக் கொடுத்த எண் காலமெல்லாம் அங்கே இருக்கக் கூடாது. அழைப்பிதழ்ப் படங்களிலும் எண்கள் இருந்தன, ஒவ்வொரு படமாக மறைத்தோம்.

பக்கங்களை கிட்ஹப் பேஜஸில் இலவசமாக வைத்திருக்கிறோம். ஒரு தளத்துக்கு ஒரு ஜிபி என்று அங்கே வரம்பு இருக்கிறது, படங்களைச் சுருக்கிய பிறகுதான் அதற்குள் வந்தோம். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினிலும் எல்லாப் பக்கங்களையும் ஏற்றினோம். 1996இலிருந்து இயங்கும் காப்பகம் அது. ஆனாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு ஆளாகிச் சில நாள் அதுவே முடங்கிக் கிடந்தது. மூவர் வீட்டிலும் ஆளுக்கொரு ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி இருக்கிறது. டொமைனை ஒரே தடவையில் பத்தாண்டுக்குக் கட்டிவிட்டோம். அதற்கு மேல் சேர்த்துக் கட்ட முடியாது.

நிறுத்திய விதம்

தேதியைத் தை முதல் நாள் என்று வைத்ததற்குக் காரணம், மார்கழி நடுவில் யாரையும் விட்டுவிடக் கூடாது என்பது. ஐப்பசியிலேயே முகப்பில் பெரிய எழுத்தில் போட்டோம். "தைப்பொங்கலுக்குப் பிந்திய நிகழ்ச்சிகளை ஏற்பதில்லை" என்று எழுதி, அதை மீறி ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. நெருங்கிய நண்பர் ஒருவரின் நூல் வெளியீட்டை மறுக்க வேண்டியிருந்தது, மனசு கஷ்டப்பட்டது. ஒன்றைச் சேர்த்தால் தளம் உயிரோடு இருப்பதாக வாசகர் நினைப்பார், அடுத்த வாரமும் வந்து பார்ப்பார். தொடர்ந்து கூட்டம் நடத்தும் அமைப்புகளை மின்னஞ்சலோடு விடாமல் போனில் கூப்பிட்டுச் சொன்னோம்.

இப்போது ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் ஒரு வரி இருக்கிறது: "இது பழைய பதிவு. இந்த நிகழ்ச்சி நடந்து முடிந்தது. புதிய நிகழ்ச்சிகளை இங்கே பதிவதில்லை." கூகுளில் தேடி நேராக உள்பக்கத்துக்கு வருபவர் முகப்பைப் பார்க்க மாட்டார், அதனால் பக்கத்துக்குப் பக்கம் போட வேண்டியிருந்தது.

தாம்பரத்துப் பெரியவருக்கும் போன் செய்தேன். அவர் எண் என்னிடம் இருந்தது. மூடுகிறோம் என்றதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ஞாயித்துக்கிழமைக்கு எங்கப்பா பாக்கறது?" என்றார். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர்ப் பக்கம் தவறாமல் கூட்டம் நடக்கும் ஏழெட்டு இடங்களையும், அவை எந்தக் கிழமையில் நடக்கும் என்பதையும் சொன்னேன். ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அந்தப் பட்டியலையே முகப்பிலும் போட்டுவிட்டோம்.

பழைய பதிவுகளில் கலைஞர்களின் பெயர்ப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். ஓய்வு கிடைக்கும்போது செய்கிற வேலை, அவசரமில்லை. 2013 வரை முடிந்திருக்கிறது.